வெயில் பரவாயில்லை, புழுக்கம்தான்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். ஏற முடிகிறது என்பதற்காகப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஏறிக் காட்டிக்கொண்டிருக்காதே. உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். வீட்டில் அவளுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இத்தனை நாள் தெரியாமல் இருந்த என் சட்டைக் கறையெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறதாம். தினம் ஒரு பாட்டு கேட்கிறேன்.

உன் மகளுக்கு இந்தக் கடலோர ஊரில் வேலை கிடைத்தது பெரிய விஷயம். அவள் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, “அங்கே வெயில் எல்லாம் சும்மா பில்டப்புப்பா, 34, 35 தான் காட்டுது, நம்ம ஊர் 42-ஐப் பார்த்தவளுக்கு இது எம்மாத்திரம்” என்று. படித்துச் சிரித்தேன். பாதி சரியாகத்தான் சொல்கிறாள். மீதிப் பாதியை முதல் மே மாதம் சொல்லிக் கொடுத்துவிடும். அதற்கு முன்னால் நான் எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் மிகை எது என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் பேசும்போது “40 டிகிரி வெயில், 90 சதவீத ஈரப்பதம்” என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வரவே வராது. 90 என்பது விடியற்காலைக் கணக்கு, 40 என்பது மதியக் கணக்கு. காற்றில் இருக்கும் நீராவி அதே அளவு இருந்தாலும், காற்று சூடாக ஆக அந்தச் சதவீதம் இறங்கிவிடும். காலையில் 27 டிகிரியில் 90 சதவீதம் காட்டுகிற அதே காற்று, மதியம் 34 டிகிரிக்குப் போனால் 60 சதவீதம்தான் காட்டும். உண்மையிலேயே 40-ம் 90-ம் சேர்ந்து வந்தால் பனிநிலை, அதாவது காற்றில் இருக்கும் நீராவி துளியாக மாறத் தொடங்குகிற வெப்பநிலை, 38 டிகிரிக்குப் போக வேண்டும். சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலையில் பதிவான 35 டிகிரி பனிநிலையைத்தான் உலகத்தின் உச்சம் என்கிறார்கள். அதையும் தாண்டி நம் தெருமுனையில் யாரும் நின்றுவிட்டு வந்ததில்லை.

ஆக, எண்ணை ஏற்றிச் சொல்வது உண்மை. ஆனால் உன் மகள் அந்த எண்ணை இறக்கிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறாளே, அங்கேதான் சிக்கல். சிங்கப்பூரை எடுத்துக்கொள். அங்கே இதுவரை பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரிதான். 1983-இல் ஒரு தடவை, 2023-இல் ஒரு தடவை. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் ஜூலையில் ஏறக்குறைய தினமும் அதற்கு மேல்தான். அதனால் சிங்கப்பூரைக் குளிர்ச்சியான ஊர் என்று யாராவது சொல்வார்களா? நம் வானிலைத் துறையே வெப்ப அலை அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்று தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. காரணம் இல்லாமலா வைப்பார்கள்?

காரணம் வியர்வை. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று வறண்ட உன் ஊரில் வியர்ப்பதே தெரியாது, அதற்குள் காய்ந்துவிடும், உப்பு மட்டும் சட்டையில் வெள்ளைக் கோடாக நிற்கும். இங்கே காற்றே ஈரமாக இருப்பதால் காயாது, நெற்றியில் புறப்பட்டு, மூக்கு நுனி வழியாகத் தரையில் சொட்டும். சொட்டிய வியர்வை வீண். உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம், சூடு அப்படியே உள்ளே இருக்கிறது.

இதை அளக்க ஒரு பழைய வழி உண்டு. தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். உன் ஊர் 42 டிகிரியில் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரத்துணி ஏறக்குறைய 22 வரை இறங்கும். எங்கள் 34 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 27-க்குக் கீழே இறங்காது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் கணக்கில் உன் ஊர்தான் குளிர்ச்சி! இதை உன் மகளிடம் காட்டு, கணக்குப் படித்தவள், பிடித்துக்கொள்வாள். அந்த எண் 35-ஐத் தொட்டால் எவ்வளவு திடகாத்திரமானவனும் சில மணி நேரம்தான் தாங்குவான் என்று 2010-இல் கணக்குப் போட்டார்கள். பிறகு இளைஞர்களை அறைக்குள் லேசான வேலை செய்ய வைத்துச் சோதித்தபோது, 31-ஐ ஒட்டியே உடம்பு தடுமாற ஆரம்பித்துவிட்டது. எங்கள் 27 அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கம் பார்.

செல்போனில் ‘உணரும் வெப்பம் 42’ என்று ஒன்று காட்டுகிறதே, அதையும் கேட்டிருந்தாய். 1979-இல் ஸ்டெட்மன் என்பவர் போட்ட கணக்கிலிருந்து வந்தது. நிழலில், லேசான காற்றில், நடக்கிற சராசரி மனிதனுக்கான கணக்கு அது. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம். ஆகவே அதையும் மிகை என்று ஒதுக்க வேண்டாம். கொத்தனாருக்கு அது குறைத்துச் சொன்ன எண்.

இன்னொன்று, யாரும் அவ்வளவாகப் பேசாதது. இரவு. வறண்ட ஊரில் சூரியன் மறைந்ததும் மண் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், விடியலுக்குள் சூடு தணிந்துவிடும். இங்கே காற்றில் இருக்கிற நீராவி அந்தச் சூட்டைப் போகவிடாது. கான்கிரீட் வேறு பகலெல்லாம் குடித்ததை இரவெல்லாம் கக்கும். ஜப்பானில் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகளைத் தனியாக எண்ணுகிறார்கள், ஹாங்காங்கில் 28. இங்கே மே மாதத்தில் 28 சர்வசாதாரணம். மதியம் 35 என்பதை யார் வேண்டுமானாலும் தாங்கிக்கொள்ளலாம், நிழல் பார்த்து ஒதுங்கினால் போச்சு. இரவு இரண்டு மணிக்குத் தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டு, கழுத்தடியில் ஈரம் காயாமல், மறுநாள் எரிச்சலோடு எழுவதை வாரக்கணக்கில் தாங்குவதுதான் பாடு. 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் செத்தார்கள். இரவிலும் இறங்காத புழுக்கம், தனியாக வசித்த முதியவர்கள், ஏசி இல்லாத அறைகள். திருட்டுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டவர்கள் பலர். அந்த ஊரைக் குளிர் ஊர் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

உன் மகளிடம் ‘பில்டப்’ என்று சொன்னது யார் என்று விசாரி. ஏசி அறையில் எழுந்து, ஏசி காரில் ஏறி, ஏசி ஆபீஸில் இறங்குகிறவர் சொல்லியிருப்பார். அவருக்கு வெயில் என்பது பார்க்கிங்கிலிருந்து லிப்ட் வரை. அவர் பொய் சொல்லவில்லை, அவர் அனுபவம் அவ்வளவுதான். பழைய ஊர்க்காரர்களும் அப்படிச் சொல்வார்கள், ஆனால் அதற்கு வேறு காரணம் உண்டு. ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து வெயிலில் புழங்கினால் உடம்பு பழகிவிடும். வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும், இதயம் படபடக்காது. கட்டட வேலையில் புதிதாகச் சேர்ந்த ஆள்தான் முதல் சில நாளில் சுருண்டு விழுவான், பழைய ஆள் அல்ல. அதனால் உன் மகளை முதல் இரண்டு வாரம் நடுமதியத்தில் அலையவிடாதே.

நம் அச்சகக் காலம் உனக்கு நினைவிருக்கும். நாலு கலர் வேலை, இரண்டு கலர் ஓட்டிவிட்டு ராத்திரி அப்படியே அடுக்கி வைத்துவிட்டுப் போவோம். மறுநாள் மழை மூட்டம். மூன்றாவது கலர் போட்டால் ரெஜிஸ்டர் உட்காராது, ஒரு கலர் மேல் இன்னொன்று சரியாகப் பொருந்தாது, காகிதம் ஒரு மயிரிழை வளர்ந்திருக்கும், உதட்டுச் சாயம் கன்னத்துக்குப் போய்விடும். அடுக்கை பாலிதீனால் மூடாமல் போனது யார் என்று நீயும் நானும் சண்டை போடுவோம். அண்மையில் ஒன்று படித்தேன். 1902-இல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏசியை உருவாக்கியது இதே தொல்லைக்காகத்தானாம். புரூக்ளினில் ஓர் அச்சகம், காகிதம் ஈரம் குடித்துக் கலர் விலகுகிறது என்று அவர்கள் புலம்ப, காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த ஒரு இயந்திரம் செய்து கொடுத்திருக்கிறார். மனிதனுக்குக் குளிரட்டும் என்று அதைச் செய்யவில்லை. காகிதம்தான் முதலில். முதலாளிகள் அன்றும் இன்றும் ஒரே மாதிரி.

இதில் உன் மகளுக்கு ஒரு உபயோகமான சேதி இருக்கிறது. ஏசி வாங்கும்போது அறைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக வாங்க வேண்டாம். பெரிய ஏசி மளமளவென்று குளிர்த்திவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. அறை ஜில்லென்று இருக்கும், மெத்தை மட்டும் பிசுபிசுவென்று இருக்கும். சரியான அளவு ஏசி நின்று நிதானமாக ஓடும், வெளியே குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாலே தெரியும். கூடவே மின்விசிறியும் வேண்டும். சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள், வறண்ட 47 டிகிரியில் விசிறி உடம்பை இன்னும் சூடாக்குகிறது, ஈரமான 40 டிகிரியில் உதவுகிறது. உன் ஊரில் மதியம் நீ விசிறியைத் திட்டுவது நியாயம். இங்கே அதைத் திட்டக்கூடாது.

சாமான்களும் கொஞ்சம் யோசித்துக் கொண்டுவரட்டும். தோல் செருப்பை அலமாரியில் வைத்து மறந்தால் பச்சையாகப் பூசணம் பூத்துவிடும். துவைத்த ஜீன்ஸ் இரண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டியில் ஈரமாகவே இருக்கும். கண்ணாடி போட்டிருக்கிறாள் அல்லவா, ஆபீஸ் கதவைத் திறந்து வெளியே வந்ததும் ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியாது, அப்படியே படியில் கால் வைக்கக் கூடாது. பருத்தி உடுப்பு போதும், இறுக்கமாக வேண்டாம்.

வீடுதான் முக்கியம். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு வாடகை குறைவாக வரும், வேண்டாம். மேற்குச் சுவர் படுக்கையறைச் சுவராக இருந்தாலும் வேண்டாம், மாலை ஏழு மணிக்குக் கை வைத்தால் சுடும். எதிரெதிர் ஜன்னல் இருக்கிற வீடாகப் பார்க்க வேண்டும். கடற்காற்று மதியத்துக்கு மேல்தான் உள்ளே நுழையும். அது நுழைந்தால் ஈரம் கூடும், ஆனாலும் உயிர் வரும். அது தாமதிக்கிற நாளில்தான் ஊர் கொதிக்கும்.

வேலையில் சேரும் தேதி தெரிந்ததும் எழுது. புரோக்கர் காட்டுகிற வீடுகளின் விலாசத்தை எனக்கு அனுப்பச் சொல், நானே போய்ப் பார்க்கிறேன். காலையில் வரச் சொன்னால் போகமாட்டேன், காலை எட்டு மணிக்கு எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் மூன்றரைக்கு மேல் போய், கால் மணி நேரம் ஜன்னலடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். புரோக்கர் முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். நீ மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அன்புடன்,
ரவி