திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுக்களுக்கு: கூத்தைப் பாதி ராத்திரியில் நிறுத்தாதீர்கள்

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்து விழாக் குழுப் பெரியவர்களுக்கும், வசூல் நோட்டோடு தெருத் தெருவாக அலையும் தம்பிகளுக்கும் வணக்கம்.

பகலில் மகாபாரதப் பிரசங்கம், ராத்திரியில் அதே கதை தெருக்கூத்தாக என்று நடந்ததை இப்போது பல ஊர்களில் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். பத்து ராத்திரி ஆடியது ஐந்தாகி, மூன்றாகி, சில இடங்களில் அந்த மூன்றும் பன்னிரண்டு மணியோடு சரி, மறுநாள் ஆர்க்கெஸ்ட்ரா. பணம் இல்லை, ஆள் உட்காருவதில்லை என்கிறீர்கள். செலவு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கூத்தை வெறும் பொழுதுபோக்காக வைத்துக் கணக்குப் போடுகிறீர்களே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

அர்ச்சுனன் தவம் செய்ய மரம் ஏறும் ‘அர்ச்சுனன் தபசு’ கூத்து அன்றைக்கு அந்த மரத்தைச் சுற்றி ஈரப் புடவையோடு இருக்கும் பெண்களைப் பாருங்கள். வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசும்போது பிள்ளை வரம் கேட்டு முந்தானையை ஏந்துகிறார்களே, அவர்களுக்கு அது நாடகமா? வருஷம் முழுக்க "இன்னும் விசேஷம் இல்லையா" என்ற கேள்வியைத் தனியாகச் சுமந்தவள், அன்றைக்கு ஊர் நடுவில் தன் ஏக்கத்தை மறைக்காமல் நிற்கிறாள். யாரும் அவளைக் குத்திப் பேசுவதில்லை. ஆடுகிறவருக்கும் அப்படித்தான், துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறார்.

அப்புறம் கர்ணன் சாவை ஆடும் கர்ண மோட்சம். கருமாதி வீடுகளிலும் அதை ஆடவைக்கிறோம், ஏன்? அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு, பந்தல்காரர், சமையல்காரர், சொந்தக்காரர் என்று ஓடி ஓடி ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாத மகன், கர்ணன் மனைவி பொன்னுருவி அவனைப் போருக்குப் போகவிடாமல் மறிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வான், குந்தி செத்த பிள்ளையை மடியில் போட்டுக் கதறும்போது வாய்விட்டு அழுதுவிடுவான், பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து அழுவார்கள், அவனை யாரும் தேற்ற வேண்டியதில்லை. அந்த அழுகை பதினோரு மணிக்கு வராது. ராத்திரி முழுக்கக் கர்ணனோடு உட்கார்ந்திருந்தால்தான் விடியற்காலையில் அவன் சாவு நம் வீட்டுச் சாவாகிறது.

பாரதப் போரின் முடிவை ஆடும் படுகளத்தில் மண்ணால் செய்து மல்லாத்திப் போட்ட துரியோதனனின் தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தலை முடிகிறாள், அடுத்து அவனுக்கே ஒப்பாரி பாடுகிறோம். பாண்டவர் பக்கத்துக் கோயில் எதிரிக்காகவும் அழுகிறது, இதைவிடப் பெரிய மனசு எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தீமிதி. இத்தனை நாள் கதை கேட்டு, அவளோடு கோபப்பட்டு, அவளோடு அழுதவர்கள்தான் காப்புக் கட்டி நெருப்பில் இறங்குகிறார்கள்.

அதனால் கேட்கிறேன். நாளைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் குறையுங்கள், ஆனால் தபசு, கர்ண மோட்சம், படுகளம் இந்த மூன்றையும் முழுசாக, விடியும்வரை விடுங்கள். மைக் அனுமதிதான் சிக்கல் என்றால் மைக்கை அணைத்துவிடலாம், கூத்து ஆடும் களரிக்குக் கிட்டே பாய் போட்டு உட்கார்ந்து கேட்கிறோம். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது கூத்துக்காரர்களுக்கு, அதுவும் முன்பணமாக, கொடுங்கள். வசூலுக்கு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.