முதலில் திரும்பி வரும் 5,000 ரூபாய்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் பழகியவரை நம்பி லட்சக்கணக்கில் பறிகொடுத்தவர்களைப் பற்றி அடிக்கடி செய்தி வெளியிடுகிறீர்கள். தலைப்பு எப்போதும் 'காதல் வலை'தான். படிப்பவர்கள் 'இந்த வயசுல இது தேவையா' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பணம் எப்படிப் போனது என்பது கடைசிப் பத்தியில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

பழகுகிறவர் வாரக்கணக்கில் பணமே கேட்பதில்லை. திருமணத் தகவல் தளத்தில் தொடங்கிய பேச்சு வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாறும். 'மாமா சொல்லித்தான் டிரேடிங் (பங்கு வாங்கி விற்பது) பண்றேன்' என்று ஒருநாள் பேச்சுவாக்கில் வரும். எல்லாம் எழுதிவைத்த வசனம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, இதுபோன்ற இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியது நினைவிருக்கலாம்.

பிறகு ஒரு லிங்க் வரும். செயலி பெரும்பாலும் பிளே ஸ்டோரில் இருக்காது, செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பாக இறங்கும். அதில் தெரியும் லாபம் மோசடிக்காரர்கள் போட்டுக் காட்டும் எண் மட்டுமே. 5,000 ரூபாய் போட்டு, லாபத்தோடு எடுத்துப் பார்க்கிறார்கள். பணம் வந்துவிடும். 'சோதித்துப் பார்த்துவிட்டோம்' என்ற தைரியத்தில்தான் படித்தவர்களும் வைப்பு நிதியை உடைக்கிறார்கள். வந்த பணமோ இன்னொரு ஏமாந்தவருடையதாக இருக்கும். அவர் புகார் கொடுத்தால் நம் கணக்கும் முடங்கும்.

பணம் போடும் கணக்கைப் பாருங்கள். இன்று ஏதோ டிரேடர்ஸ், நாளை ஒரு தனிநபர் என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவான தரகர் அப்படிக் கேட்கமாட்டார். உண்மையில் பங்கு வாங்கியிருந்தால் அது, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் அமைப்புகளான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல்-இல் உங்கள் பெயரிலுள்ள டிமேட் (பங்குக்கான) கணக்கில் ஏறியிருக்கும். செயலியில் 40 லட்சம் காட்டி டிமேட்டில் ஒன்றுமே இல்லையென்றால் வேறு சாட்சி வேண்டாம்.

பெரிய தொகையை எடுக்கப் போனால் '30 சதவீத வரியை முன்னால் கட்டு' என்பார்கள். லாபத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்றால், விதி இடம் தராது என்பார்கள். லாபத்துக்கான வருமான வரியை நாம் வருமான வரித் துறைக்குக் கட்டுவோமே தவிர, யாரோ ஒருவருடைய கணக்கில் போடுவதில்லை. 'பாதி நான் தர்றேன், மீதியை நீ புரட்டு' என்று பழகியவரே சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். நகையை அடகு வைப்பதும் இதற்குத்தான்.

சந்தேகம் வந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயமாக வெளியேறிவிடும். ஒவ்வொரு பரிமாற்றத்தின் தேதி, தொகை, யுடிஆர் எண் (அந்தப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் அடையாள எண்) கையில் இருக்கட்டும். யுபிஐ, ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்கம், நெஃப்ட் என்றால் எழுத்தும் எண்ணுமாக 16, ஆர்டிஜிஎஸ் என்றால் அப்படியே 22. உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. 'மீட்டுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்' என்று அழைப்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தில் புகார் நாள்கணக்கில் தள்ளிப்போகிறது. 'காதல் வலை' என்ற தலைப்பு அந்தக் கூச்சத்தைக் கூட்டுகிறது. அடுத்த செய்தியின் தலைப்பிலேயே 1930-ஐப் பெரிதாகப் போடுங்கள், ஐயா.

– வங்கி ஊழியர்கள் சிலர், திருச்சி