மனிதவளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒரு நாள் மருத்துவ விடுப்பானாலும் அன்றைய தேதியிட்ட சான்றிதழ் வேண்டும் என்ற உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. கூடவே என் ஆண்டு மதிப்பீடும் வந்தது: 'வருகையில் ஒழுங்கில்லை.' எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் நோய், இருப்பது உங்களுக்குத் தெரியும். லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் ஆபரேஷன்) அறிக்கை, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாமே என் கோப்பில் இருக்கின்றன.

அந்த ஒரு நாள் சான்றிதழை எப்படி வாங்குகிறேன் என்று சொல்கிறேன். வலி ஏறிய நாளில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியாது. குளியலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாந்தி நிற்கக் காத்திருப்பேன். மாத்திரை வயிற்றில் தங்கினால்தானே வலி குறையும்? அந்த நிலையில் எழுந்து உடை மாற்றி, வண்டி பிடித்து, டோக்கன் வாங்கி, நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். சிகிச்சைக்காக அல்ல. என்ன மாத்திரை, எத்தனை வேளை என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவானவை. உங்களுக்கு ஒரு தாள் வேண்டும், அதற்காகத்தான். வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்திருந்தால் மறுநாள் வேலைக்கு வந்திருப்பேன். அலைந்ததில் அந்த நாளும் போகிறது.

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான்: நாள்பட்ட நோய் உள்ளவர்களிடம் சிறப்பு மருத்துவரின் சான்றிதழை ஒருமுறை வாங்கிக்கொண்டு, அதையே ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.

"ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இன்னுமா?" என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரக்கூடிய நோய் இது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் போட்ட ஹார்மோன் ஊசி, மாதவிடாயே நின்றுபோன வயதின் தொல்லைகளை இப்போதே கொண்டுவந்தது. ஏசி அறையில் உட்கார்ந்திருந்தும் முதுகு நனைய வியர்த்தது, இரவெல்லாம் தூக்கமில்லை. எலும்பின் அடர்த்தி குறையும் என்பதால் அந்த ஊசியை மட்டும் தனியாக 6 மாதத்துக்கு மேல் பொதுவாகத் தொடர்வதில்லை. இப்போது தினமும் டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம். இடையிடையே சொல்லாமல் கொள்ளாமல் உதிரப்போக்கு. இதற்கு எந்தத் தேதியைப் போட்டு முன்கூட்டியே விண்ணப்பிப்பேன்?

கருவுறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலக அளவில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த அலுவலகத்தில் நான் ஒருத்தி மட்டும் இருக்க வாய்ப்பில்லை. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை மற்றவர்கள் என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். கழிப்பறையில் இருந்த நேரத்துக்குக்கூட என்னிடம் விளக்கம் கேட்கப்பட்டது. மகளிர் தினத்தில் பூங்கொத்து கொடுத்த அதே அலுவலகம்தான் கேட்டது. என் வேலையில் குறை இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன். கெடு தவறியதாக அந்த மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை.

அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது பணிவோடு கேட்பது, ஒரு வருடத்துக்கு ஒரே சான்றிதழ். அதோடு, மருத்துவ விடுப்பை வைத்து எழுதிய அந்த வரியை என் மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். அடுத்த மாதச் சம்பளக் கணக்கு முடியுமுன் எழுத்துமூலம் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பணியாளர்களில் ஒருத்தி