சாட்சிக்கு அவசரமில்லை

கர்த்தருக்குள் அன்பான தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. முதல் மாதச் சிகிச்சை முடிந்து பார்த்ததில் சின்னவனின் எலும்பு மஜ்ஜை சுத்தமாக இருக்கிறது என்று வாசித்ததும் இங்கே எல்லாரும் ஆண்டவரைத் துதித்தோம். அசனப் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. ஊர்ச் செய்தியெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறே அவனைக் கூட்டிவந்து, ஆண்டவர் சுகமாக்கினார் என்று ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள் சபையார், சுகம் கிடைத்தபின் மருந்து எதற்கு என்று உன் நாத்தனார் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

சின்னவனுக்கு வந்திருக்கும் இந்த ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கும். முதல் மாத மருந்து நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கைக் கொன்றாலும் ஆயிரம் கோடி மிச்சமிருக்கும். மைக்ராஸ்கோப்பில் அது தெரியாது. 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இந்த நோயை முதன்முதலாக மருந்தால் அடக்கிக் காட்டினார். படுத்த படுக்கையாக இருந்த பிள்ளைகள் எழுந்து நடமாடினார்கள். சில மாதங்களிலேயே நோய் திரும்பிவிட்டது. இரண்டு மூன்று வருஷம் நீளும் இன்றைய சிகிச்சை அந்தத் தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்டது. அதை முழுசாகச் செய்ய முடிகிற இடங்களில் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் அநேகமாகத் திரும்பி வரும், அப்போது அடக்குவது இன்னும் கடினம். உன் நாத்தனாரிடம் வேதத்தில் எசேக்கியா ராஜா வியாதிப்பட்ட அதிகாரத்தை வாசிக்கக் கொடு. ஆயுசு கூட்டித் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசிதான்.

சபையில் நன்றி சொல்லலாம். "முதல் மாதம் நடத்தினார், இன்னும் வழி இருக்கிறது, ஜெபியுங்கள்" என்று நீயும் உன் வீட்டுக்காரரும் எழுந்து சொன்னால் போதும். பையனை மேடையில் நிறுத்தி "பூரண சுகம்" என்று அறிவிக்க மட்டும் சம்மதிக்காதே. நாளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை சரியில்லாமல் வந்தால், யாருடைய விசுவாசம் குறைந்தது என்ற பேச்சு அந்தப் பிஞ்சின் தலையில் விழும்.

வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் மெயின்டனன்ஸ் என்கிற நீண்ட கடைசிக் கட்டத்தில்தான் பல வீடுகளில் கவனம் தளர்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போகும், முடி வளர்ந்துவிடும், ஒருநாள் மாத்திரை விட்டால் என்ன என்று தோன்றும். தினமும் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரை நூறு வேளையில் ஐந்துக்கு மேல் தவறினால் நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இராத்திரி குடும்ப ஜெபத்தோடு அதைச் சேர்த்துவிடு. ஆமென் சொன்னதும் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வை, மாத்திரைப் பட்டையைத் தனி டப்பாவில் போடு.

காய்ச்சல் 100.4 டிகிரி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. வெள்ளையணுக்களில் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே இருக்கிற நேரத்தில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுவதும் பரவிவிடும். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதே, சூடு தணிந்ததுபோல் தெரியும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். துணி, ஃபைல், பணம் எல்லாம் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஜெபத்தை ஆட்டோவில் செய்துகொள்ளலாம்.

வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்களைத் தடுக்க மனசு வரவில்லை என்கிறாய். மகள் இறந்துகிடந்த யவீருவின் வீட்டில் ஆண்டவர் என்ன செய்தார்? எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, தாய் தகப்பனையும் மூன்று சீஷரையும் மட்டும் உள்ளே அழைத்தார். பிள்ளை எழுந்ததும் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். அதையே சேகர குருவானவரிடம் காட்டி, ஒரு தடவைக்கு இரண்டு பேர், சளி இருமல் இல்லாதவர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவி மாஸ்க் போட்டு வரட்டும், மற்றவர்கள் வாசலில் நின்று ஜெபிக்கட்டும் என்று கேட்டுக்கொள். எண்ணெய் பூசினால் நெற்றியில் மட்டும், மருந்து ஏற்றும் குழாய்ப் பக்கம் வேண்டவே வேண்டாம். உபவாசம் பெரியவர்களுக்கு. அவனுக்கு வேண்டாம், இரவு முழுக்க விழித்திருக்கிற உனக்கும் வேண்டாம்.

ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் அவன் கத்துவான், அடிப்பான், நடு இராத்திரியில் சோறு கேட்பான். யாராவது அசுத்த ஆவி என்று ஆரம்பித்தால் அவன் காதில் விழாமல் வெளியே கூட்டிப்போய்ப் பேசு. டாக்டர் ஸ்டீராய்டை நிறுத்திய சில நாட்களில் அது அடங்கிவிடும்.

"இயேசு ஏன் என்னைச் சுகமாக்கல?" என்று கேட்கிறானாமே. அந்த வயதுப் பிள்ளைகள் நோயைத் தாங்கள் செய்த தப்புக்குத் தண்டனை என்று நம்பிவிடுவார்கள். அதனால் நோயின் பெயரைச் சொல், உன் தப்பு இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல். மற்றதற்கு "அம்மாவுக்கும் தெரியல, நானும் அவர்கிட்ட அதைத்தான் கேக்கிறேன்" என்றால் போதும். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுததும் வியாதிப்பட்ட பிள்ளையின் தகப்பன்தானே. ஆண்டவர் அவனைத் தள்ளவில்லை.

சபை உண்மையில் உதவக்கூடிய ஒரு காரியம், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களைத் தானம் செய்வது. எடுத்த ஐந்து நாளைக்குள் ஏற்றியாக வேண்டும், ஆகையால் வாலிபர் சங்கத்தார் எல்லாரும் ஒரே நாளில் வரக்கூடாது. ரத்த வகையோடு பெயர் எழுதி வாங்கி, அழைக்கும்போது இரண்டிரண்டு பேராக அனுப்பச் சொல். ஓய்வுநாள் பள்ளியில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே உனக்குத் தகவல் வரவேண்டும், நீ அன்றே டாக்டரிடம் சொல்லவேண்டும். வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து போடுமுன்னும் டாக்டரைக் கேள். சொட்டில் இருப்பது உயிருள்ள கிருமி, இவனுக்குப் பரவலாம், ஊசியில் அந்தப் பயமில்லை.

அடுத்த கட்டத்துக்கான மருந்து அட்டவணையைக் கொடுத்ததும் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி