சனி, ஞாயிறு வீட்டுல என்ன பார்க்கலாம்?

அண்ணாச்சிமாரே, மதினிமாரே, இந்த வாரம் நம்ம நெல்லைச் சீமைக் கதை சொல்லுற படம் ரெண்டு. சனிக்கிழமை ‘பரியேறும் பெருமாள்’ (2018), ஞாயிறு ‘வாழை’ (2024). வரிசையை மாத்தாதீங்க, வாழை பார்த்த ராத்திரி வேற எதுவும் ஓடாது. சாப்பிட்டு முடிச்சுட்டே உட்காருங்க, கடைசிக் காட்சியில சோறு இறங்காது.

பாட்டு காதைக் கிழிக்குது, பேச்சு மட்டும் கேக்கலையா? 5.1-ங்கிறது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்புற ஒலி, அதுல பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகும். நம்ம டிவியில பெரும்பாலும் அது கிடையாது. ஆடியோ செட்டிங்கில ‘ஸ்டீரியோ’ இல்லன்னா ‘பிசிஎம்’ வைங்க. சத்தத்தைக் கூட்டுனா பக்கத்து வீட்டுச் சண்டைதான் மிச்சம்.

மொபைல் டேட்டாக்காரங்க கவனிங்க: எச்டி மணிக்கு 3 ஜிபி வரை தின்னும், தினம் 2 ஜிபி பிளான் இடைவேளை வரைக்கும் தாங்காது. வெள்ளி ராத்திரி 12-க்கு முன்னாடியே மிச்ச டேட்டாவுல நடுத்தரத் தரத்துல இறக்கி வச்சிருங்க.