மருபி ஸ்டுடியோவின் நெகட்டிவ்கள்

ஆசிரியருக்கு,

அல்பேனியாவின் ஷ்கோடர் நகரிலுள்ள மருபி தேசியப் புகைப்பட அருங்காட்சியகம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைவர்கள், பிரமுகர்களின் படங்களைப் பற்றியே அது விரிவாகப் பேசியது. ஆனால் அந்தத் தொகுப்பின் உயிர் சாதாரண மக்களின் முகங்களில்தான் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த பியெத்ரோ மருபி 1850களில் ஸ்டுடியோவைத் தொடங்கினார். அவரிடம் தொழில் கற்ற கெல் கொதேலி, மருபி என்ற பெயரையும் ஏற்று அதை நடத்தினார். அப்புறம் கெல்லின் மகன் கெகெ. வாடிக்கையாளர் படத்தை வாங்கிக்கொண்டு போன பிறகும் நெகட்டிவைப் பத்திரப்படுத்தினார்களே, அதுதான் பெரிய காரியம். மலைக்கிராமத்து ஆண்களும் திருமண உடையில் நின்ற பெண்களும் இன்றும் நம் முன் நிற்பது அதனால்தான். கெகெ அரசிடம் ஒப்படைத்த அந்தச் சேமிப்பே 2016இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு அடித்தளம்.

எங்கள் ஊரில் பழைய ஸ்டுடியோ ஒன்றை மூடியபோது, கண்ணாடி நெகட்டிவ்களை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, வெறும் கண்ணாடியாகப் படச்சட்டம் போடுபவருக்கு விற்றதை நான் பார்த்திருக்கிறேன். என் தாத்தா பாட்டியின் கல்யாணப் படமும் அதோடு போயிற்று. தமிழக அரசின் அருங்காட்சியகத் துறை, மூடப்படும் ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்களை வாங்கிப் பாதுகாக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயரும் தேதியும் எழுதிய பதிவேட்டையும் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் யார் முகம் என்றே தெரியாமல் போய்விடும்.

– வாசகர், கும்பகோணம்