முன்னாள் படைவீரர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கொடி நாள் வசூலும் கட்டடத்துக்கு வர்ணம் அடித்ததும் முடிந்தன. நான் பேச வந்தது ஊன ஓய்வூதிய மேல்முறையீடுகளைப் பற்றி. இந்த வருடம் நம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின.

நம் தம்பி ஒருவர், ஒன்பது வருடம் சர்வீஸ், வலிப்பு வந்ததால் 2021ல் ராணுவ மருத்துவர்கள் குழுவான மெடிக்கல் போர்டு அவரை வெளியே அனுப்பியது. நோய் பணியால் வந்ததல்ல என்று ஊன ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். பத்து வருடம் முடிக்காதவர்களுக்கும் இன்வாலிட் பென்ஷன் (நோய் பணியால் வராவிட்டாலும், அதனால் வெளியே அனுப்பப்பட்டவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம்) உண்டு என்று 2020 ஜூலையில் ஆணை வந்ததே என்று கேட்டால், அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ராணுவ வேலைக்கு மட்டுமல்ல, வெளி வேலைக்கும் நிரந்தரமாக லாயக்கற்றவராக இருக்க வேண்டுமாம். இவர் போர்டு தாளிலோ 'வெளி வேலை செய்யலாம்' என்று ஒரு வரி. ஏடிஎம் காவலுக்குப் போனார், மூன்றாம் நாள் இரவே விழுந்து நெற்றி கிழிந்தது, அதற்கப்புறம் எந்த செக்யூரிட்டி கம்பெனியும் எடுக்கவில்லை. பட்டாளத்துக்கு ஆகாது என்று அனுப்பப்பட்டவரை வேறு யார் எடுப்பார்கள்? அந்த ஒரு வரியை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

முதல் மேல்முறையீடு தள்ளுபடி. இப்போது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு போட்டிருக்கிறோம். சேரும்போது குறிப்பில் இல்லாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னதையும், அந்த வெளி வேலை நிபந்தனை செல்லாது என்று இதே தீர்ப்பாயத்தின் லக்னோ அமர்வு 2022ல் சொன்னதையும் இணைத்திருக்கிறோம். வேலை மறுத்த கம்பெனியின் கடிதமும் இருக்கிறது. அதை வாங்க நான்கு முறை நடந்தவர் அவர் மனைவி.

இன்னொன்று. சர்வீஸ் முழுதும் முடித்து, 20 சதவீதமோ அதற்கு மேலோ ஊனத்தோடு வந்தவர்கள் உச்ச நீதிமன்றத்தின் ராம் அவதார் தீர்ப்பைக் காட்டி உரிமை கேளுங்கள். 2014ல் வந்தது. ஊன சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கிக் கணக்கிடும் சலுகை இவர்களுக்கும் உண்டு என்றது. 30 சதவீத ஊனம் 50 ஆகக் கணக்காகும். முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பதால், 50க்கு 15 சதவீதம் வரும். சின்னத் தொகை இல்லை.

மறுப்புக் கடிதம் வந்தால் தயவுசெய்து டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம்தான் கெடு. டிஸ்சார்ஜ் புக், போர்டு நகல், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள், கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.

செயலாளர்